நான்காவது ரீல்

புதுப் படத்துக்குக் காயம் போடுவது என் வேலை.
பர்பேங்கில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே
ஜன்னலில்லாத அறை.
கீழே யாருக்கோ கடைவாய்ப்பல்லைக் குடைவார்கள்,
மேலே நான் கீறிக்கொண்டிருப்பேன்.

காட்சிகள் கழுவிய கண்ணாடியாக வந்து சேரும்.
நாயகியின் கன்னத்துப் பூனைமயிரைக்கூட எண்ணிவிடலாம்.
தூசி தூவு என்பார் இயக்குநர் கோல்டன் ஹ்ரூஷ்கா,
முப்பத்தொரு வயது.
வலது ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று நடுங்கட்டும்.
ரத்தம் ரத்தமாக இருக்கவேண்டாம்,
தக்காளிச் சாறில் பெயின்ட் கலந்ததுபோல் இருக்கட்டும்.
ரீல் மாறும் இடத்தில், மூலையில், ஒரு கருகல் வட்டம்.
"மட்டமா இருக்கணும். ஆனா அழகா மட்டமா இருக்கணும்."
அவர் பிறக்குமுன்பே இழுத்து மூடிய
டிரைவ்-இன் கொட்டகைகளின் மேல் அவருக்கு அத்தனை ஏக்கம்.

கதையா?
நெடுஞ்சாலை, பழுதான கார், மூன்று நர்ஸுகள்.
பைபிள் வசனம் முணுமுணுத்தபடி
கொக்கிக்கு எண்ணெய் போடும் இழுவை வண்டிக்காரன்.

மாதிரிக்கு ஒரு பழைய பிரதி அனுப்பினார்.
லுபக் பக்கம் வைக்கோல் கிடங்கில் கிடைத்ததாம்.
தகரப் பெட்டியைத் திறந்ததும்
அறை முழுக்கக் காடி நாற்றம்.
எழுபத்து மூன்றில் எடுத்தது. ஐந்து ரீலில் நான்காவது இல்லை.
இருப்பதிலும் அங்கங்கே எகிறல்:
அவள் பொத்தானில் கை வைப்பாள்,
அடுத்த கணம் போர்வைக்குள் இருப்பாள்.
நடுவிலிருந்த பதினெட்டு பிரேம்களை
அமரில்லோவிலோ டூசானிலோ ஓர் ஆபரேட்டர்
கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொண்டான்.

"அந்த எகிறல் வேணும்" என்றார் கோல்டன்.
நம் புது நாயகியிடமிருந்தும் பதினெட்டு பிரேம் வெட்டினேன்.
அவற்றில் ஒன்றுமில்லை. பொத்தான், விரல், சட்டை.
நடக்காத திருட்டுக்குத்
தடயம் செய்துகொடுத்தேன்.

பிறகு அந்தப் பழைய நர்ஸ் வந்தாள்.
டார்லீன் குபிசெக்.
டைட்டிலில் அவள் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை.
லுபக்கில் வருமான வரிப் படிவம் நிரப்பித் தருகிறாளாம்.
பெட்ரோல் பங்க் கல்லாக்காரியாக ஒரே காட்சி,
ஒரே வசனம்: "ரெண்டாவது பம்பு வேலை செய்யாது, கண்ணு."
குரல் பதிவு முடிந்து
கோட்டைக் கழற்றாமலே என் அறையில் நின்றாள்.

ஓட்டிக் காட்டினேன்.
தன் முகத்தை அவள் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தாள்.
"ஸ்லேட்டன் ரோடு. இந்தக் கார் எங்க அக்கா புருஷனோடது.
பம்பரை ஒடிச்சானுங்க, காசு தரல."
நான்காவது ரீலில் என்ன நடந்தது என்றேன்.
"என்னைக் கொன்னானுங்க.
மாட்டுத் தண்ணித் தொட்டியில, ரெண்டு ராத்திரி, பிப்ரவரி மாசம்.
எழுபத்தஞ்சு டாலர்."
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
"அது தொலைஞ்சேபோச்சா?"
ஆமாம்.
"வேற பிரதி?"
இல்லை.
"நிச்சயமா, மிஸ் ஒன்டிவேரோஸ்?"

ஐந்தாவது ரீலை மறுபடி ஓட்டச் சொன்னாள்.
ஷெரீப் தொப்பியைக் கழற்றிச்
சக நர்ஸிடம் சொல்கிறான்:
அவ போயிட்டா.
டார்லீன் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.
"போயிட்டேன்தான்" என்றாள்.
கார் நிறுத்தியதற்குச் சீட்டில் முத்திரை
எங்கே குத்துவார்கள் என்று கேட்டுக்கொண்டு
படியிறங்கினாள்.

புதுப் படத்திலும் நான்காவது ரீல் இல்லை.
கோல்டனின் குறும்பு.
'ஒரு ரீல் காணவில்லை, மன்னிக்கவும்' என்று
நாலு விநாடி அட்டை. ஆஸ்டினில் விசில் அடிப்பார்கள்.
எழுத்தை ஆடவைத்தேன், ஓரத்தைக் கருக்கினேன்.
யாரும் கேட்காமல் இன்னொன்றும் செய்தேன்.
அட்டைக்கு அடியில், இரைச்சலுக்கும் அடியில்
ஒரு கார் இரண்டு முறை இருமிக் கிளம்புகிறது.
பம்பர் தரையில் உரச
கியர் மாறுகிறது.

கடைசித் திரையிடலில் கோல்டன் தலையைச் சாய்த்தார்.
"அது என்ன சத்தம்?"
பழுது, என்றேன்.
"நல்ல பழுது. இருக்கட்டும்."